எங்கள் தெரு தின்ற மான்

எங்கள் தெருவில் நான் பத்தாவது பாஸ். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால் கணக்கிலும் அறிவியலிலும் ஃபெயில் என்பார்கள். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி.

ரிசல்ட் வந்த அன்று நான் செல்போன் கடையில் மார்க்கைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து பழங்காநத்தம் ரவுண்டானாவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். அதற்குள் அவர் லட்டு வாங்கி வீடு வீடாகக் கொடுத்து முடித்திருந்தார். கணக்கில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று அறிவிப்பும் செய்திருந்தார். நான் ஃபெயில் என்று அவர் காதில் சொன்னேன். காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"தெருவே தின்னுருச்சேடா," என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. மறுதேர்வு எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். தொண்ணூற்றெட்டு வாங்கியவன் எந்த முகத்தோடு ஹால்டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பான்? நான் ஷேர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டேன். இம்புட்டு மார்க் எடுத்துவிட்டு ஏண்டா ஆட்டோ ஓட்டப் போனாய் என்று இன்றைக்கும் கேட்கிற பெரியவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

சித்தப்பாவுக்கு அவனியாபுரத்தில் கிரில் பட்டறை. ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இரும்பு கேட். ஒல்லியான ஆள். வெல்டிங் பொறி தெறித்துத் தெறித்து எந்தச் சட்டையைப் போட்டாலும் அதில் பொட்டுப்பொட்டாக ஓட்டை இருக்கும். இடுப்பில் எப்போதும் ஓர் இன்ச் டேப். பட்டறைக்குள் அவர் அளந்தால் அளந்ததுதான். ஒரு நூல் அளவு கூடினாலும் அறுத்து எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். பட்டறையை விட்டு வெளியே வந்ததும் அதே டேப் இஷ்டத்துக்கு நீளும்.

அவர் கதை சொல்வதில் ஒரு விசேஷம் உண்டு. மற்றவர்கள் புளுகும்போது குரலை உயர்த்துவார்கள். இவருக்குச் சங்கதி பெருக்கப் பெருக்கக் குரல் இறங்கும். கேட்கிறவன் தானாகக் கிட்டே வந்து குனிவான். குனிந்த பிறகு நம்பாமல் நிமிர முடியாது.

விமான நிலையம் போகிற ரோட்டில் ஒரு வீட்டுக்கு கேட் செய்து மாட்டினார். முதல் வாரம் அது ஏர்போர்ட் பக்கம் ஒரு கேட்டாக இருந்தது. மறுவாரம் ஏர்போர்ட்டுக்கே கேட். ஆடி மாதம் பிறப்பதற்குள், கொழும்பு விமானத்தின் கதவு கழன்றுவிட்டதாகவும் இவரை ஜீப் அனுப்பிக் கூட்டிப் போனதாகவும் ஆகிவிட்டது. டீக்கடையில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு நான் மடக்கினேன்.

"பிளேனு அலுமினியமாச்சே சித்தப்பா. நம்ம வெல்டிங் ராடு ஒட்டுமா?"

அவர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கினார். "ஒட்டலைலடா. அதேன் போல்ட்டப் போட்டு விட்டேன்."

பத்துப் பேரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஒரு பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு பார்க்க மதில் மேல் ஏறி, மதிலிலிருந்து வழுக்கி முழங்காலைப் பேர்த்துக்கொண்டார். அந்தத் தழும்பைக் காட்டி அவர் அடக்கிய மாட்டுக்கு வருசா வருசம் வயசும் திமிலும் ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தெரியும், மதிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். நான் உண்மையைச் சொன்னால் தெரு என்னைத்தான் அடக்கும். சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் தெருவுக்கு அப்போதுதான் பொழுது விடிந்த மாதிரி.

இவரோடு நான் மான் வேட்டைக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

கீழக்குயில்குடி மலையைத் தாண்டி ஒரு கண்மாய். தண்ணீர் இல்லாமல் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதற்குள் மான்கள் வந்து தங்கியிருக்கின்றன என்று யாரோ எடுத்த வீடியோவை டீக்கடைக்காரர் காட்டினார். டீக்கடைக்காரர் எங்கள் தெருவிலேயே பெரிய கறிப்பிரியர். சித்தப்பா வீடியோவைப் பார்த்தார். குரலை இறக்கினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக்கும் மான்கறி, யாரும் கறிக்கடைக்குப் போக வேண்டாம் என்றார்.

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் தெரு முழுக்க மசாலா வறுக்கிற வாசனை. ஒரு வீடு பாக்கியில்லை. இனி அவரால் போகாமல் இருக்க முடியாது, என் ஆட்டோ இல்லாமல் போகவும் முடியாது.

எனக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். குவைத்தில் டிரைவர் வேலைக்குப் பேசி வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, போலீஸ் வந்து விசாரிக்க வேண்டியது மட்டும் மிச்சம். என் பெயரில் ஒரு கேஸ் விழுந்தாலும் குவைத் அவ்வளவுதான். மான் மேல் கை வைத்தால் வருசக்கணக்கில் உள்ளே போக வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். நம்மை எவன் பிடிப்பான் என்றார். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இவராவது மானைப் பிடிப்பதாவது. வெறுங்கையோடு திரும்புவார், அதைச் சொல்லியே அவரை ஆயுசுக்கும் ஓட்டலாம். அந்த ஆசையில்தான் போனேன், மறைக்கவில்லை.

ஆயுதம் என்று அவர் எடுத்து வந்தது, லாரியில் லோடு மேல் போர்த்துகிற நைலான் வலை. தெரிந்த லாரி டிரைவரிடம் இரவல். வேட்டை நாய் என்று ஏற்றியது டீக்கடை வாசலில் பொறை பிஸ்கட் தின்று வளர்ந்த நாயை. அதன் தாத்தா ராஜபாளையம் என்றார். போகிற வழியில் ராஜபாளையத்துப் பேரன் என் பின்சீட்டில் வாந்தி எடுத்தான்.

விடியற்காலையில் கண்மாய்க்குள் இறங்கினோம். இரண்டு கருவேல மரத்துக்கு நடுவில் வலையைக் கட்டினார். கட்டுவதற்கு முன்னால் டேப்பை எடுத்து உயரம் அளந்தார். மான் நாலரை அடிக்கு மேல் தாண்டாது என்று எங்கே படித்தாரோ, ஐந்தடிக்குக் கட்டினார். பிறகு வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என்னைச் சுற்றிப் போய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

தட்டினேன். நிஜமாகவே மூன்று மான்கள் புதருக்குள்ளிருந்து எழுந்தன. முள்ளுக்குள் அதுகள் சத்தமே இல்லாமல் ஓடின. இரண்டு பக்கவாட்டில் பிரிந்துவிட்டன. ஒரு பெட்டை மட்டும் நேரே வலையைப் பார்த்துப் போய், வலைக்கு முன்னால் நின்றது, பார்த்தது, நின்ற இடத்திலிருந்தே எழும்பியது. ஐந்தடி அதற்கு ஒரு கணக்கே இல்லை. சித்தப்பாவின் தலைக்கு மேல் போகும்போது அதன் காலைப் பிடிக்க அவர் பாய்ந்து எழுந்தார். மான் அந்தப் பக்கம் இறங்கியது. அவர் மோதியதில் கட்டு அறுந்து வலை அவர் மேல் விழுந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். மீன் மாதிரி கிடந்தார். ஒரு கை கழுத்தோடு, ஒரு கால் மடங்கி, லுங்கி பாதி முள்ளிலும் பாதி வலையிலும். இழுக்க இழுக்க இறுகியது. நாய்க்கு அப்போதுதான் வேட்டை ஞாபகம் வந்தது. அவரைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. பெட்டை மான் கொஞ்ச தூரத்தில் நின்று காதை ஆட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பில் மூச்சு வரவில்லை.

கத்தியால் வலையை அறுக்கப் போனேன். இரவல் வலை, அறுக்காதே என்றார். அதனால் ஒவ்வொரு கண்ணியாக எடுத்தேன். முதுகெல்லாம் முள் கீறி ரத்தம். அந்த நேரம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே நான் சிரிப்பை நிறுத்தியிருக்கலாம்.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார். திருப்பரங்குன்றம் பக்கம் யாருக்கும் தெரியாத கறிக்கடையாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். ஒரு முழு வெள்ளாட்டை வாங்கினார். கறிக்கடைக்காரர் அழகாகத் துண்டு போட ஆரம்பித்ததும் சித்தப்பா தடுத்து, கோணல்மாணலாக, தொழில் தெரியாதவன் வெட்டுகிற மாதிரி வெட்டச் சொன்னார். அந்த மனுசர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தன் கடையில் அப்படி ஒரு வெட்டு விழாது என்றார். கடைசியில் சித்தப்பாவே வாங்கி வெட்டினார்.

சாக்கோடு தெருவில் இறங்கியபோது சின்னப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். எல்லா வீட்டுக்கும் போனது. மத்தியானம் டீக்கடைக்காரர் கை கழுவாமலே வெளியே வந்து, மான் மான்தாம்ப்பா, நாக்கில் வைத்தால் கரைகிறது என்றார். எதிர்வீட்டில் லேசாகக் காட்டுப் பச்சிலை வாசம் அடிப்பதாகச் சொன்னார்கள். சித்தி மட்டும் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, அடுப்படியில் என் பக்கம் சாய்ந்து, "எந்தக் கடைடா?" என்று கேட்டார். நான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மற்றவர்களுக்குக் குழம்பு ஊற்றப் போய்விட்டார்.

சாயங்காலம் பெஞ்சில் கதை நடந்தது. பெட்டை மானுக்குக் கொம்பு முளைத்தது. கொம்பு எம்புட்டு என்று டேப்பை இழுத்துக் காட்டினார். நான் பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்துக் குரலை இறக்கினார்.

"நான் கொம்பப் புடிச்சேன். எங்கண்ணன் மகன்தேன் கால அமுக்குனான். அவன் இல்லைண்டா அது என்னையக் குத்திருக்கும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் முதுகில் தட்டினார். நேற்று வரைக்கும் என்னை ஒரு வீரக்கதையிலும் அவர் சேர்த்ததில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், நல்லாத்தான் இருந்தது. டீக்கடைக்காரர் அதை அப்படியே போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் இரண்டு பேர் டீ குடிக்க வந்தார்கள். சாதாரண சட்டை, பேண்ட். ஒருத்தர் போனில் அந்த வீடியோவைக் காட்டி, இது சும்மா ஆட்டுக்கறியாமே, புளுகுமூட்டை என்று பேசிக்கொள்கிறார்களே என்றார். டீக்கடைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது.

"யாருண்ணே சொன்னது? நாப்பது வருசமா கறி திங்கிறேன். எனக்கு ஆடு தெரியாதா, மான் தெரியாதா?"

பெஞ்சில் இருந்த இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். தின்றவர்கள் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். எலும்பைப் பற்றிக்கூட ஒருத்தர் விளக்கினார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அந்த இரண்டு பேரும் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்கள். வனத்துறை. சித்தப்பாவைப் பட்டறையிலிருந்தும் என்னை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ரேஞ்சர் ஆபீஸ் வராண்டாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தெருவே பின்னால் வந்து வாசலில் நின்றது, டீக்கடைக்காரர் முன்வரிசையில் அழாத குறையாக. நான் சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். ஆடு என்று சொல்லுங்கள், கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டால் அவரே சொல்வார், முடிந்துவிடும்.

அவர் வாசலைப் பார்த்தார். "அம்புட்டுப் பேரும் நிக்கிறாய்ங்கடா."

"நிக்கட்டும். உள்ள தூக்கி வச்சா யாரு வருவா?"

"உள்ள போனாலும் மான் அடிச்சவனாத்தேன் போறேன். வலைக்குள்ள கெடந்தவன்னு ஊரு சிரிக்க வெளிய திரிய முடியாது."

"எனக்குப் பாஸ்போர்ட்டு?"

அவர் எழுந்து நேரே ரேஞ்சர் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். மேசை முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"சார், மான நான் ஒருத்தன்தேன் அடிச்சேன். இந்தப் பய அன்னைக்கு வரவே இல்ல. கதைக்காக அவனச் சேத்தேன். அவன விட்ருங்க."

ரேஞ்சர் எழுத ஆரம்பித்தார். என்னைப் பார்த்து, நீ போகலாம் என்கிற மாதிரி கையைக் காட்டினார். கதவு என் பக்கத்தில் இருந்தது. வெளியே போயிருந்தால் குவைத் எனக்கு. அவருக்குச் சிறை, தெருவில் ஒரு பெரிய பெயர். அவர் கேட்டதும் அதுதான்.

எனக்கு வந்தது பாசமா கோபமா என்று இன்றுவரை தெரியவில்லை. செய்யாத வேலைக்கு ஜெயிலுக்குப் போகிற ஆளை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? நான் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன், எனக்கும் கொஞ்சம் வரும். டேப்பால் அளந்தது, மான் நின்று யோசித்தது, பாய்ந்தது, லுங்கி போனது, நாய் இவரைச் சுற்றிக் குரைத்தது எல்லாம் நடித்தே காட்டினேன். ரேஞ்சர் பேனாவை வைத்துவிட்டு முகத்தைப் பொத்தினார். காவலர்கள் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். கதவில் நின்ற டீக்கடைக்காரர் சிரித்ததில் இருமல் வந்து அவரைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. வாசல் வரைக்கும் சிரிப்பு போய்ச் சேர்ந்தது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. எனக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது.

சித்தப்பாவிடம் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முதுகில் வலைக் கண்ணியின் தடமும் முள் கீறலும் கோடு கோடாக இருந்தன. கறிக்கடைக்காரரைப் போனில் கூப்பிட்டார்கள். கறியைக் கெடுத்து வெட்டச் சொன்ன ஆள்தானே, நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார் அவர். வலை கட்டிப் போனதே குற்றம்தான் என்று ரேஞ்சர் கடுமையாகத்தான் சொன்னார். ஆனால் அவ்வளவு சிரித்த பிறகு கேஸ் எழுத அவருக்குக் கை வரவில்லை. பட்டறையிலிருந்து வலையைக் கொண்டுவரச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டு, நடந்ததைச் சித்தப்பாவே சொல்வதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார். எழுதியதை ஒரு காவலர் சத்தமாக வாசித்தார். மான் தாண்டியது, வலை என் மீது விழுந்தது, நான் சிக்கிக்கொண்டேன் என்று. சித்தப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். சரியாக இருக்கிறதா என்று ரேஞ்சர் கேட்டதற்குச் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பாஸ்போர்ட் வந்தது. நான் குவைத்துக்குப் போனேன். அங்கிருந்து போன் போட்டால் சாப்பிட்டாயா என்பார், இங்கே வெயில் என்பார், சித்தியிடம் கொடுத்துவிடுவார். வேலை மும்முரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருசம் கழித்து லீவில் வந்தேன். அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒரே கூட்டம். அவனியாபுரம் தாண்டி ஒரு தோப்பில் சிறுத்தை வந்ததாம், காலடித் தடத்தை யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். போன் கை மாறிக் கை மாறிப் பெஞ்சின் கோடிக்கு வந்தது. அங்கேதான் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். போட்டோவைப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்கள். பிறகு வேறு பேச்சுக்குப் போகப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க சித்தப்பா ஒருதடவ சிறுத்தையப் பாத்துருக்காரு," என்றேன். "சாமத்துல பட்டறைய மூடிட்டு வாரப்ப. சொல்லுங்க சித்தப்பா."

சின்னப் பையன்கள் உட்பட அத்தனை பேரும் திரும்பினார்கள். டீக்கடைக்காரர் பாய்லரைக் குறைத்து வைத்தார். நான் சித்தப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். இங்கிருந்து அவர் எடுத்துக்கொண்டால் போதும், ராத்திரி வரை ஓடும்.

சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

"இல்லப்பா, அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல. அவன் சும்மா சொல்றான்."

எழுந்து, டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கூட்டம் என் பக்கம் திரும்பியது. அப்புறம் என்று ஒரு பையன் கேட்டான். பட்டறைக்கு எதிரே கரண்ட் கம்பத்துக்குக் கீழே சிறுத்தை வந்து நின்றது என்றேன். அதற்கு மேல் அது என்ன செய்யும் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.